தாய் ஒதுக்கிய பூனைக்குட்டி: காத்திருப்பதா, குறையை மட்டும் நிரப்புவதா, முழுக்கக் கையில் எடுப்பதா?

பிறந்து ஒரு நாளோ இரண்டு நாளோ ஆன குட்டி தனியாகக் கிடந்து கத்துகிறது. தாய்ப்பூனை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இந்த நேரத்தில் பெரும்பாலோர் கேட்பது "என்ன பால் கொடுக்கலாம்?" என்பதுதான். அது மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. குட்டி குளிர்ந்திருக்கிறதா என்பது முதல் கேள்வி. தாய் எந்த வேலையை விட்டுவிட்டது என்பது இரண்டாவது.

தாய்ப்பூனை குட்டிக்கு நான்கு வேலை செய்கிறது. பால் கொடுக்கிறது. உடம்புச் சூட்டைக் கொடுக்கிறது. அடிவயிற்றையும் வாலடியையும் நக்கி மூத்திரமும் மலமும் போக வைக்கிறது. முதல் நாள் சீம்பால் வழியாக நோய் எதிர்ப்பைக் கொடுக்கிறது. "ஒதுக்கிவிட்டது" என்று நாம் சொல்லும் பல இடங்களில் இந்த நான்கும் ஒன்றாக நின்றுபோயிருக்காது. பால் வற்றிய தாய் குட்டியை அணைத்தபடி படுத்திருக்கும். தலைச்சன் ஈற்றுப் பூனை மடி நிறையப் பாலை வைத்துக்கொண்டு, குட்டி வாய் வைத்ததும் எழுந்து ஓடும். நின்றுபோன வேலை எதுவோ அதை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். முழுக் குட்டியையும் எடுத்துக்கொள்வது கடைசி வழி. கீழே உள்ள ஒப்பீடு இந்த நான்கு வேலைகளை வைத்தே போகிறது.

முடிவெடுக்கும் முன் பத்து நிமிடம்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் குட்டியை எடுங்கள். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது பூனை விஷயத்தில் பெரும்பாலும் வீண் பயம். சுண்டுவிரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய் வெதுவெதுப்பாக இருந்து, விரலைச் சப்பினால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. வாய் சில்லென்று இருந்து சப்பவும் இல்லையென்றால் வேறெதையும் யோசிக்காமல் சூடேற்றத் தொடங்குங்கள்.

முதல் வாரக் குட்டியின் உடம்புச் சூடு 35 முதல் 37 டிகிரி செல்சியஸ். பெரிய பூனையைவிட இது குறைவு. அந்த வயதில் நடுங்கிச் சூடு உண்டாக்கவும் குட்டிக்குத் தெரியாது. 34 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குடல் அசைவு ஓய்ந்துபோகும். அப்போது உள்ளே போன பால் வயிற்றிலேயே தங்கிப் புளிக்கும், அல்லது எதுக்களித்து நுரையீரலுக்குள் இறங்கும். நல்லெண்ணத்தோடு செய்து குட்டியைக் கொன்றுவிடும் காரியங்களில் முன்னால் நிற்பது குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டுவதுதான்.

இன்னொன்றும் உண்டு. தாய் ஒதுக்கியதால் குட்டி குளிர்ந்ததா, குளிர்ந்ததால் தாய் ஒதுக்கியதா என்பதைப் பார்த்தவுடன் சொல்ல முடியாது. சில்லிட்டு அசையாமல் கிடக்கும் குட்டியைத் தாய் பிழைக்காது என்று தள்ளிவைப்பது வழக்கம். சூடேற்றித் திரும்ப வைத்தால், அதே தாய் அதே குட்டியை நக்கிச் சேர்த்துக்கொள்வதும் உண்டு.

சூட்டை மெதுவாக ஏற்ற வேண்டும், ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில். சட்டைக்குள், உங்கள் தோலோடு ஒட்டி வைத்துக்கொள்வது பாதுகாப்பான தொடக்கம். அதற்கு மேல் ஹாட் வாட்டர் பேக் அல்லது வெந்நீர் நிரப்பிய தண்ணீர் பாட்டில், இரண்டு சுற்றுத் துண்டு சுற்றி. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் ஆறிய பாட்டில் குட்டியின் சூட்டை உறிஞ்சத் தொடங்கும். பருத்தி சாக்ஸில் அரிசி நிரப்பி மைக்ரோவேவில் சூடாக்குவதும் நல்ல வழிதான், ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும் என்பதை நினைவில் வைத்தால். எல்இடி பல்பைத் தொங்கவிட்டுச் சூடு வரும் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் வெளிச்சம்தான் வரும். பழைய 40 வாட் குண்டு பல்பு கிடைத்தால், பெட்டிக்கு ஒன்றரை அடி உயரத்தில் கட்டலாம். மின்சார ஹீட்டிங் பேட் என்றால் மிகக் குறைந்த அளவில், துணி மடித்துப் போட்டு. எதை வைத்தாலும் பெட்டியின் ஒரு பாதிக்கு மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி ஊர்ந்து மறு பாதிக்குப் போக வேண்டும்.

முதல் வாரத்தில் பெட்டிக்குள் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும். இரண்டாம் வாரம் 27, 28. அதற்குப் பிறகு 25 போதும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாத அறை பகலில் தானாகவே இந்த அளவைத் தாண்டும். அங்கே வெந்நீர் பாட்டிலைத் திணித்தால் குட்டி வாயைத் திறந்து மூச்சுவாங்கும். அதே சென்னையில் மார்கழி விடியற்காலைக்குப் பாட்டில் வேண்டும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் இரவு பகல் பார்க்காமல் வேண்டும்.

குட்டி துவண்டு கிடந்தால், குளுக்கோஸ் பொடியை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து ஒரு சொட்டை ஈறில் தடவுங்கள். தடவுவது மட்டும்தான், வாய்க்குள் ஊற்றக் கூடாது.

சூடேறிக்கொண்டிருக்கும்போதே இரண்டு சோதனை. டார்ச் அடித்து மேலண்ணத்தைப் பாருங்கள். பிளவு இருந்தால் பால் மூக்கு வழியாக வரும். தாய் ஒதுக்கியதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். அந்தக் குட்டியை உடனே மருத்துவர் பார்க்க வேண்டும். பிறகு கிச்சன் தராசில் எடை. ஒரு கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள், ஏனென்றால் இனி எடுக்கும் எல்லா முடிவுகளும் அந்த எண்ணைப் பார்த்துத்தான். பிறந்த குட்டி சுமார் 100 கிராம் இருக்கும். 85க்கும் 115க்கும் நடுவில் இருந்தால் சரி.

காத்திருப்பது

குட்டி சூடாக இருக்கிறது, வயிறு உருண்டையாக இருக்கிறது, உடம்பு சுத்தமாக இருக்கிறது, தூங்குகிறது என்றால் அதை யாரும் கைவிடவில்லை. தாய் இரை தேடப் போயிருக்கிறது. அல்லது இடம் மாற்றிக்கொண்டிருக்கிறது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். எண் எப்படியோ, ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போகும்போது கடைசிக் குட்டி கொஞ்ச நேரம் தனியாகத்தான் கிடக்கும். அந்த இடைவெளியில் அதைத் தூக்கிவந்தவர் காப்பாற்றவில்லை, களவாடியிருக்கிறார்.

தாய் வந்துபோகிறதா என்று தெரிந்துகொள்ள, கூட்டைச் சுற்றி ஓரடி தள்ளிக் கோலப்பொடியை வளையமாகத் தூவுங்கள். திரும்பிவந்து பார்த்தால் கால்தடம் சொல்லும். அரிசி மாவு வேண்டாம், எறும்பை அழைத்த மாதிரி ஆகும். கல்மாவுப் பொடியே சரி. தள்ளி நின்று பாருங்கள், பத்து மீட்டராவது. நீங்கள் பக்கத்தில் நிற்கும்வரை தெருப்பூனை வராது. தாய்க்கு உணவு வைப்பதென்றால் கூட்டுக்கு அருகில் வைக்காதீர்கள். அது கடுவனையும் நாயையும் கூட்டிவரும்.

எவ்வளவு நேரம்? சூடான, வயிறு நிறைந்த குட்டிக்குப் பகலில் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். கத்திக்கொண்டிருக்கும் குட்டிக்கு அவ்வளவு கிடையாது. ஆனால் கூட்டின் அடியில் துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை வைத்துவிட்டால், தாயின் நான்கு வேலைகளில் ஒன்றை நீங்கள் செய்துகொண்டே காத்திருக்கலாம். தாய் திரும்பிவந்தால் ஒன்றும் கெடவில்லை.

மழை, எறும்பு, சுற்றி அமர்ந்த காக்கை, தொப்புளில் ஈ மொய்ப்பது, தாய் அடிபட்டு இறந்ததைக் கண்ணால் பார்த்தது: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கும் பேச்சே இல்லை. தாய் கடித்தாலோ பிராண்டினாலோ உங்கள் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் தடுப்பூசிக்குப் போங்கள். வீட்டுப் பூனைதானே என்று விட்டுவிடாதீர்கள்.

தாயிடமே விட்டு, குறையை மட்டும் நிரப்புவது

யாரும் அதிகம் யோசிக்காத வழி இதுதான். பலன் அதிகம் தருவதும் இதுதான். தாய் வீட்டுக்குள் இருக்கிறது, குட்டியைக் கடிக்கவில்லை என்றால், மற்ற வழிகளைப் பார்க்கும் முன் இதை ஒரு நாளாவது முயன்று பார்க்க வேண்டும்.

முதலில் தாயைச் சோதியுங்கள். மடியில் ஒரு பக்கம் மட்டும் கட்டியாக, சிவந்து அல்லது நீலம் பாய்ந்து, தொட்டால் சுடுகிறதா? மடிநோய். கால் விறைத்து நடந்து, உடம்பு நடுங்குகிறதா? ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) விழுந்திருக்கிறது. அது மணிக்கணக்கில் உயிரை எடுக்கும், இரவானாலும் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். பிறப்புறுப்பில் நாற்றமடிக்கும் கசிவு, காய்ச்சல், சாப்பிடாமல் படுத்திருப்பது ஆகியவை கருப்பைத் தொற்றின் குறிகள். இந்த மூன்றில் ஏதாவது இருந்தால், தாயைக் குணப்படுத்துவதுதான் குட்டிக்குச் செய்யும் வைத்தியம். கால்சியம் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

நோய் இல்லை, பதற்றம்தான் என்றால் இடத்தை மாற்றுங்கள். குட்டி போட்ட பூனை மாதிரி என்று மனிதர்களைச் சொல்கிறோமே, அந்தத் தவிப்பு அதற்கு நிஜமானது. சுமார் 50 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம் உள்ள அட்டைப்பெட்டியை எடுத்து, ஒரு பக்கத்தில் 15 செ.மீ. உயரம் விட்டு வாசல் வெட்டுங்கள். இருட்டான மூலையில் வையுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் போய்வர வேண்டும். குழந்தைகள், விருந்தாளிகள், வேறு பூனைகள், செல்போன் வீடியோ எதுவும் வேண்டாம். பெட்டி வைத்த ஸ்டூலின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பால் வாடைக்குக் கட்டெறும்பு வரும். இரண்டு நாள் குட்டியால் அதைத் தட்டிவிடக்கூட முடியாது.

பிறகு தாயை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையை வருடியபடி, குட்டியை மடியில் சேருங்கள். பூனைக்குப் பொதுவாக எட்டுக் காம்புகள். குட்டிகள் அடித்துக்கொள்வது பின்பக்கக் காம்புகளுக்கு. சோனிக் குட்டியை அங்கே வைத்து, காம்பை மெல்ல அழுத்தி ஒரு சொட்டுப் பாலை அதன் உதட்டில் பட வையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை, 15 முதல் 20 நிமிடம். குட்டிகள் அதிகமென்றால் தடியன்களை அந்த நேரம் மட்டும் வெந்நீர் பாட்டிலோடு வேறு பெட்டியில் வைத்துவிடலாம்.

குடித்ததா, வாயை மட்டும் வைத்திருந்ததா என்று எப்படித் தெரியும்? குடிக்கும் முன்னும் குடித்த உடனும் எடை பாருங்கள். 2 கிராம் கூடியிருந்தால் ஏறக்குறைய 2 மி.லி. உள்ளே போயிருக்கிறது. ஒன்றும் கூடவில்லை என்றால், மீதி அளவைப் பால்மாவுக் கரைசலாக நீங்கள் கொடுத்துவிட்டுக் குட்டியை உடனே தாயிடம் திரும்ப வைக்க வேண்டும். சூடு கொடுப்பதும் நக்குவதும் தாயின் பொறுப்பில் இருக்கட்டும்.

ஆரோக்கியமான குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் கூடும். முதல் நாள் மட்டும் சற்றுக் குறைவதைப் பொறுக்கலாம், அதுவும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. அதன்பின் காலையும் மாலையும் ஒரே நேரத்தில் எடை எடுங்கள். ஒரு நாளில் 10 கிராமுக்குக் குறைவாகக் கூடினால் புகட்டும் அளவை ஏற்றுங்கள். அடுத்தடுத்து இரண்டு எடையில் அசைவே இல்லை, அல்லது இறங்குகிறது என்றால் இந்த வழி தோற்றுவிட்டது. அன்று மாலையே அடுத்ததற்கு மாறுங்கள், மறுநாள் வரை பார்க்க வேண்டாம்.

தாய்க்குச் சோறு வைப்பதிலும் கணக்கு உண்டு. பால் உச்சத்தில் இருக்கும்போது அது வழக்கத்தைப் போல் இரண்டு மூன்று பங்கு சாப்பிட வேண்டும். மீன் குழம்புச் சோறு போதாது. வேகவைத்த கோழி, முட்டை, குட்டிகளுக்கென்று விற்கும் உலர் உணவு, எப்போதும் தண்ணீர் என்று வையுங்கள். தாய்க்குப் பால் ஊற்றினால் பால் ஊறும் என்பது பூனைக்குப் பொருந்தாது. பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்குதான் வரும்.

தாய் சீறினால் பரவாயில்லை. குட்டியின் கழுத்தை விட்டு வேறிடத்தில் கவ்விக் கடித்தால், வேண்டுமென்றே மேலே மிதித்தால், பிரித்துவிட்டு உங்கள் கண் முன்னால் மட்டும் சேருங்கள்.

வேறொரு பாலூட்டும் பூனை

நான்கு வேலைகளையும் செய்யக்கூடிய ஒரே மாற்று இன்னொரு தாய்தான். காகிதத்தில் பார்த்தால் கையில் வளர்ப்பதைவிட எல்லா வகையிலும் மேல். நடைமுறையில் அந்தப் பூனை கிடைக்க வேண்டும். குட்டிகளின் வயது ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒத்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெரியவை சின்னதை ஏறித் தள்ளும். ஏற்கெனவே ஆறு குட்டி இருக்கும் மடியில் ஏழாவதைச் சேர்ப்பது ஆறையும் பட்டினி போடுவது.

சேர்க்கும் முறை எளிது. அந்தத் தாயின் படுக்கைத் துணியால் குட்டியைத் துடைத்து, அதன் குட்டிகளோடு சேர்த்துக் கொஞ்ச நேரம் உருட்டி, தாய் சாப்பிடப் போயிருக்கும்போது நடுவில் வைத்துவிடுங்கள். பெரும்பாலான தாய்ப்பூனைகளுக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. வந்ததும் நக்கத் தொடங்கினால் காரியம் முடிந்தது.

தயங்க வேண்டிய இடம் நோய். தெருவில் எடுத்த குட்டி வழியாக பார்வோ வகைக் குடல் நோய் புகுந்தால் அந்தக் கூட்டில் எதுவும் மிஞ்சாமல் போகலாம். எதிர்த் திசையில், தாயிடமிருந்து குட்டிக்கு ரத்தப்புற்று வைரஸ் பாலிலும் எச்சிலிலும் வரும். தடுப்பூசி போட்ட, பரிசோதித்த வீட்டுப் பூனையாக இருந்து, குட்டிக்கும் வயிற்றுப்போக்கோ கண் பீளையோ இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள்.

முழுக்கக் கையில் வளர்ப்பது

முதலில் உழைப்பைக் கணக்குப் பாருங்கள். முதல் வாரம் நாளுக்கு எட்டு வேளை, அதில் இரண்டு மூன்று நள்ளிரவில். கலக்க, சூடாக்க, புகட்ட, துடைக்க, பாத்திரம் கொதிக்கவைக்க என்று ஒரு வேளைக்கு அரை மணி. நாளுக்கு நான்கு மணி நேரம், அடுத்த இரண்டு வாரம் அதைவிடச் சற்றுக் குறைவாக. வீட்டில் இன்னொருவர் பங்கெடுக்காமல் வேலைக்குப் போகும் ஒருவரால் இது நடக்காது. அந்த நிலையில் குட்டி வளர்த்துப் பழகியவரிடம் ஒப்படைப்பது சரியான முடிவு. பல பூனைகள் அடைந்து கிடக்கும் காப்பகக் கூண்டு இந்த வயதுக் குட்டிக்கு ஏற்ற இடமல்ல. எதிர்ப்பு சக்தி இல்லாத குட்டிக்கு அங்கே தொற்றும் ஆபத்து அதிகம், எனவே காப்பகத்தைக் கேட்டால் வீட்டில் வைத்து வளர்க்கும் தன்னார்வலர் இருக்கிறாரா என்று கேளுங்கள்.

இப்போது பால். பூனைப் பாலில் புரதம் 7 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. பசும்பாலில் 3.3, ஆட்டுப்பாலிலும் ஏறக்குறைய அதே. கைக்குழந்தைப் பால்மாவைக் கரைத்தால் ஒன்றரை சதவீதம்தான் தேறும். ஆகவே, "குழந்தைக்கே கொடுக்கிறோமே" என்று அதைக் கொடுப்பது பசும்பாலைவிட மோசம். லாக்டோஸ் பசும்பாலில் கூடுதல், அதனால் கழிச்சல். ஆட்டுப்பாலுக்கு இணையத்தில் இருக்கும் பெயர் அதன் தகுதிக்கு மீறியது. செரிப்பது சற்று எளிது என்பது உண்மை, ஆனால் புரதம் பாதிகூட இல்லை. எருமைப்பாலில் கொழுப்பு இருக்கிறது, புரதம் போதாது. தண்ணீர் சேர்த்தால் இருக்கும் கொஞ்சமும் போகும். கடையில் 'கேட் மில்க்' என்று லாக்டோஸ் நீக்கி விற்கும் திரவம் பெரிய பூனைக்கான தின்பண்டம், குட்டிக்கான பால் அல்ல.

ஆக, கே.எம்.ஆர்., ராயல் கேனின் பேபிகேட் மில்க் போன்ற பூனைக்குட்டிப் பால்மாவுதான். டாரின், அர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களும் அதில் சேர்த்திருக்கும். டாரின் இல்லாமல் வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். சரியில்லாத கலவையில் வளர்ந்த குட்டிகளுக்குக் கண்புரை வருவதும் அறிந்த விஷயம். விலை அதிகம்தான். ஆனால் ஒரு குட்டிக்கு முதல் வாரத்தில் ஒரு நாளைக்கு வேண்டியது சில ஸ்பூன் பொடி.

ஞாயிற்றுக்கிழமை இரவு கடை பூட்டியிருக்கிறது என்றால், மறுநாள் வரை ஓட்ட மட்டும் ஒரு வழி: காய்ச்சி ஆறிய 200 மி.லி. ஆட்டுப்பாலில் இரண்டு முட்டை மஞ்சள் கருவை அடித்து வடிகட்டுங்கள். புரதம் 5 சதவீதத்தையும் கொழுப்பு 7 சதவீதத்தையும் தொடும். வெள்ளைக் கரு வேண்டாம், பச்சையாக இருந்தால் அது பயோட்டின் என்ற வைட்டமினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தேன், சர்க்கரை, மஞ்சள்தூள், கிரைப் வாட்டர் எதுவும் சேர்க்காதீர்கள். 24 மணி நேரத்துக்கு மேல் இதை நீட்டாதீர்கள்.

பொடியை டப்பாவில் சொன்ன விகிதத்திலேயே கலக்குங்கள். சத்து ஏறட்டும் என்று கெட்டியாகக் கலந்தால் மலச்சிக்கலும் நீரிழப்பும் வரும், சிக்கனத்துக்கு நீர்க்கக் கலந்தால் எடை ஏறாது. குலுக்கினால் நுரை கட்டி வயிற்றில் காற்று சேரும், கிளறிவிட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். கலந்ததை ஃபிரிட்ஜில் வைத்து 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு வேளைக்கு உள்ளதை மட்டும் வெந்நீர்க் கிண்ணத்தில் நிறுத்தி 38 டிகிரிக்குச் சூடாக்குங்கள். மணிக்கட்டின் உள்பக்கம் விட்டால் சூடும் குளிர்ச்சியும் தெரியக் கூடாது.

எதில் புகட்டுவது என்பதில்தான் நம் வீடுகளில் தவறு அதிகம். பாலாடையும் சங்கும் மனிதக் குழந்தைக்கு. நக்கிக் குடிக்கத் தெரியாத பூனைக்குட்டிக்கு அதில் ஊற்றுவது மூழ்கடிப்பதுதான். இங்க் ஃபில்லர் ஒரே அழுத்தில் எவ்வளவு தள்ளும் என்று சொல்ல முடியாது, கண்ணாடி நுனி ஈறையும் கிழிக்கும். பாலில் நனைத்த பஞ்சைச் சப்பவிட்டால் அளவு தெரியாது, நூலும் உள்ளே போகும். மீதமிருப்பவை மூன்று.

நிப்பிள் வைத்த சிறிய பாட்டில், சப்பும் குட்டிக்கு முதல் தேர்வு. வேகத்தைக் குட்டியே தீர்மானிக்கிறது. பாட்டிலைக் கவிழ்த்தால் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும், ஒழுகக் கூடாது. நிப்பிளில் ஓட்டை இல்லாமலே வரும், சுட்ட ஊசியால் குத்திக்கொள்ள வேண்டும். பல பேருடைய குட்டி "குடிக்க மாட்டேன்" என்பதற்குக் காரணம் இந்த ஓட்டைதான். சிரிஞ்ச், 1 அல்லது 2 மி.லி., ஊசி கழற்றியது: அளவு துல்லியமாகத் தெரியும், சின்னஞ்சிறு வாய்க்கு ஏற்றது. ஆபத்து உங்கள் கட்டைவிரலில் இருக்கிறது. நுனியில் சிறு சிலிக்கான் நிப்பிளை மாட்டி, சப்புகிற வேகத்துக்குச் சொட்டு விடுங்கள், தள்ளாதீர்கள். மூன்றாவது, 5 எண் ஃபீடிங் டியூப், வாய் வழியாக வயிறு வரை இறக்கிப் பால் விடும் மெல்லிய குழாய். சப்பும் சக்தியே இல்லாத குட்டிக்கு உயிர் காப்பது, பல குட்டி இருந்தால் வேகமானது. ஆனால் இந்த வயதில் ஓங்கரிப்பு முழுதாக வந்திருக்காது. குழாய் மூச்சுக்குழலுக்குள் போனாலும் குட்டி காட்டிக்கொடுக்காமல் இருக்கலாம். மருத்துவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காமல், காணொளி பார்த்து இதைச் செய்யாதீர்கள்.

குட்டியைக் குப்புற, தாய் மடியில் இருக்கும் நிலையில் வையுங்கள். தலை லேசாக உயர்ந்திருக்கட்டும். குழந்தையைப் போல் மல்லாத்திக் கையில் ஏந்தினால் பால் நேரே நுரையீரலுக்கு. மூக்கில் பால் குமிழ் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்தித் துடையுங்கள். அதன்பின் மூச்சில் 'கடக் கடக்' சத்தமோ வேக மூச்சோ வந்தால் அன்றே மருத்துவர்.

அளவு: 100 கிராம் குட்டிக்கு நாளுக்கு 25 மி.லி. வரை. அந்த எடையில் வயிறு ஒரு வேளைக்கு 4 மி.லி.க்கு மேல் தாங்காது. எனவே 3 மி.லி. வீதம் எட்டு வேளை. 200 கிராம் ஆனதும் 7 மி.லி. வீதம் ஏழு வேளை. இரண்டாம் வாரம் மூன்றரை மணி, மூன்றாம் வாரம் நான்கு ஐந்து மணி, நான்காம் வாரம் ஆறு மணி இடைவெளி. கத்துகிறதே என்று ஏற்றிக் கொடுத்தால் மஞ்சள் கழிச்சல் போகும். அப்போது ஒரு வேளைப் பாலைப் பாதிக்கு நீர்த்துக் கொடுத்துப் பாருங்கள். நிற்காவிட்டால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள், இந்த எடையில் நீர் வற்ற அரை நாள் போதும்.

நக்கும் வேலை பலருக்கும் மறந்துபோகிறது. மூன்று வாரம் வரை குட்டி தானாக மூத்திரம் போகாது. ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும், வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து வாலடி வரை அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வருடுங்கள். தேய்த்தால் புண்ணாகும். மூத்திரம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும். அடர்ந்தால் நீர் போதவில்லை. அடர் சிவப்பாக, பிறந்த முதல் இரண்டு நாளில் போனால் அது வேறு கதை: தாய்க்கும் குட்டிக்கும் ரத்த வகை ஒத்துப்போகாமல் சீம்பாலே குட்டியின் ரத்தத்தை உடைக்கிறது. பெர்ஷியன், பிரிட்டிஷ் ஷார்ட்ஹேர் இனப் பூனை வளர்ப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும். அங்கே மட்டும், முதல் ஒரு நாள் தாயிடமிருந்து பிரிப்பதே சரி.

நம்மால் செய்யவே முடியாதது சீம்பால். பிறந்து 16 முதல் 18 மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் அதிலுள்ள எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சும். அதனால்தான் தாய் ஒருமுறைகூடப் பால் கொடுக்காத குட்டி என்றால், வேறு எதைவிடவும் தாயைப் பிடித்துப் படுக்கவைத்து ஒருமுறையாவது மடியில் சேர்ப்பது முக்கியம். அந்த நேரம் தாண்டிவிட்டால், தடுப்பூசி போட்ட ஆரோக்கியமான பூனையின் சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீரை) தோலடியில் ஏற்றலாம். மருத்துவரிடம் கேளுங்கள். இப்படிப்பட்ட குட்டியை வேறு பூனைகளிடமிருந்து முற்றிலும் தள்ளி வையுங்கள்.

உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் மருந்து தெளிக்காதீர்கள். நாய்க்கான சொட்டு மருந்திலுள்ள பெர்மெத்ரின் பூனைக்கு நஞ்சு. பேன்சீப்பால் வாரி எடுங்கள். குட்டி சுடுகிறதே என்று பாராசிட்டமால் ஒரு சொட்டுக்கூடக் கூடாது, பூனையின் உடம்பால் அதை முறிக்க முடியாது.

ஒரே குட்டியைக் கையில் வளர்க்கிறீர்கள் என்றால், அதே வயதில் இன்னொரு அநாதைக் குட்டி இருக்கிறதா என்று விசாரியுங்கள். ஆரோக்கியமானதா என்று ஒரு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம். வேலை இரட்டிப்பாகாது, சூட்டை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளும், கடிக்கும் அளவையும் ஒன்றிடமிருந்து ஒன்று கற்கும். தனியாக வளர்ந்த குட்டி உங்கள் கையைத்தான் கடித்துப் பழகும். சேர்த்து வைத்தவை ஒன்றின் அடிவயிற்றை ஒன்று சப்பிப் புண்ணாக்கினால் சில நாள் நடுவில் அட்டை வையுங்கள்.

கண் 7 முதல் 14 நாளில் திறக்கும். முன்பற்கள் மூன்றாம் வாரம் முளைக்கும். அப்போது குடற்புழு மருந்துக்கு மருத்துவரிடம் எடையைச் சொல்லி அளவு வாங்குங்கள். நான்காம் வாரத்தில் நிப்பிளைச் சப்பாமல் மென்று கிழிக்கத் தொடங்கினால் பாட்டிலைக் குறைக்கும் நேரம். கிழிந்த துண்டு தொண்டைக்குள் போகும் முன் புது நிப்பிளை மாற்றிவிட்டு, தட்டையான தட்டில் பால்மாவுக் கரைசலையும் குழைத்த குட்டி உணவையும் வையுங்கள். முதல் இரண்டு நாள் அதில் நடக்கும், உட்காரும், மூக்கை விட்டுத் தும்மும். தானாகச் சாப்பிடப் பழகும்வரை இரவு ஒரு பாட்டில் தொடரட்டும், காலை எடையும்.